மலையாளத்துச் சின்னம்மா

போன வாரம் நம் பழைய வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒருத்தி தன் மகனுடைய எச்சில் சோதனை முடிவை அனுப்பியிருந்தாள். எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், உன் முன்னோர்கள் யார் யார், எந்தெந்த நாட்டுக் கலப்பு என்று படம் போட்டுக் கொடுக்கிறார்களாம். அவனுக்குள் கொஞ்சம் பாரசீகமும் துளி கிழக்காசியாவும் இருக்கிறதாம். ஒருவர் ‘உலகக் குடிமகன்’ என்று எழுதினார். இன்னொருவர் இதயம் போட்டார். நானும் ஒரு பூச்செண்டு போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். சலிப்பாக இருந்தது.

உங்கள் மேல் கோபமில்லை. கோபப்படுகிற வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது, மூட்டுவலியைக் கவனிக்கவே பொழுது சரியாக இருக்கிறது. ஆனால் நம்மில் ஒருவர் வீட்டுக்கு வெள்ளைக்கார மருமகள் வந்தபோது மீன்சுருட்டிக் கடைத்தெருவில் பேனர் வைத்ததைப் பார்த்தவள் நான். அதே வருடம் பக்கத்துத் தெருவில் பெண் எடுத்த ஒரு பையன் உயிருக்குப் பயந்து திருப்பூருக்கு ஓடியதையும் பார்த்தேன். கடல் தாண்டிக் கலந்தால் கௌரவம், வாய்க்கால் தாண்டிக் கலந்தால் கேவலம். இந்த நியாயம் எனக்குப் பிடிபட்டதே இல்லை. அதனால்தான் குழுவில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். நாம் ஏழாவது படித்த வருடத்து ஆடி மாதம் பற்றியது. உங்களில் சிலர் அதில் இருந்தீர்கள். மறந்திருப்பீர்கள்.

என் சின்னம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதான், எங்கள் தெருவில் நூல் கட்டுகிற மலையாளத்தி. உங்களில் எத்தனையோ பேர் காய்ச்சலோடு உங்கள் அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் வந்தவர்கள்தானே.

சின்னம்மா மலையாளத்தி இல்லை.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கண்டிச் சீமையில் ஒரு சொந்தம் இருந்தது. இங்கே அடுத்தவன் வயலில் நாற்று நட்டு வயிறு நிறையாதவர்கள் அங்கே தேயிலை கிள்ளப் போனார்கள். சித்தப்பாவைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பிள்ளையில்லாத ஒரு அத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டதில் சித்தப்பா நம் பக்கம் விழுந்தார். எனக்கு நாலு வயதிருக்கும்போது கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலில் அரியலூர் வந்து இறங்கினார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் சின்னம்மா.

அப்பாதான் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தவர். தம்பி பெண்டாட்டி சிங்களத்தி என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பண்ணைக் கணக்குப்பிள்ளை ஏறினார். சின்னம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

“யார்றா இது, செவசெவன்னு? என்ன ஆளுங்க?”

‘என்ன ஆளுங்க’ என்றால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சின்னம்மாவின் ஊரில் அவள் வீட்டார் சொந்த நிலம் வைத்து நெல் விளைவிக்கிறவர்கள், அங்கே மேல்சாதி. தோட்டத்துக் கூலிக்காரனோடு வந்துவிட்டாள் என்று அண்ணன்மார் கத்தியோடு தேடியிருக்கிறார்கள். சிங்களத்தி என்று சொன்னால் அடுத்த கேள்வி அங்கே போய் நிற்கும் என்று அப்பா பயந்தார். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

“மலையாளத்துப் பொண்ணுங்க. அங்கயும் நம்ம ஆளுங்கதான்.”

அப்பாவுக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவும் பெரம்பலூர் மெயின்ரோட்டில் ஒரு டீக்கடை. ரோடு போடுகிற வேலைக்குப் போனபோது இரண்டு மாதம் அந்தக் கடையில் டீ குடித்திருக்கிறார். அந்த அறிவை வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஊரை நம்ப வைத்தார். வேடிக்கை என்னவென்றால், பொய் நன்றாகவே பொருந்திவிட்டது. சின்னம்மா எதைச் சமைத்தாலும் தேங்காய் போட்டாள், மலையாளத்துப் பழக்கம் என்றார்கள். பௌர்ணமிக்கு வெள்ளைப் புடவை கட்டி மத்தியானத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாள், மலையாளத்து விரதம் என்றார்கள். தமிழில் ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் ‘வந்துச்சி, போச்சி’ என்றாள். “மலையாளத்தான் பேச்சு அப்படித்தான் இருக்கும்” என்றார் கேரளாவையே பார்க்காத எங்கள் நாட்டாமை.

மலையாளத்தி என்றால் மந்திரம் தெரியாமல் இருக்குமா? ஒரு நாள் என் கைமணிக்கட்டில் சின்னம்மா வெள்ளை நூல் ஒன்றைக் கட்டி ஏதோ முணுமுணுத்ததை எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டாள். அவர்கள் ஊர் விகாரையில் சாமியார்கள் ஓதிக் கட்டிவிடுகிற நூலாம் அது, பிள்ளைகளுக்குக் கெடுதல் வராமல் இருக்க. எதிர்வீட்டு அத்தைக்கு அது மலையாள மாந்திரீகம். மறுநாள் சொறி பிடித்த பிள்ளை, பயந்த பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை என்று வரிசை நின்றது. ஊர்த் தெருவிலிருந்துகூட, எங்கள் தெருவில் செருப்போடு நடக்கிற ஜனங்கள், வாசலில் தள்ளி நின்று பிள்ளையை மட்டும் நீட்டினார்கள். சின்னம்மா யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. காசு வாங்கியதும் இல்லை.

பகலில் முந்திரிக் கொட்டகையில் வேலை. வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு, பருப்பு உடையாமல் வெளியே வர வேண்டும். தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். என்ன பூசினாலும் எல்லார் விரலும் கறுத்துப்போகும். சின்னம்மாவின் வெளுத்த முழங்கைக்குக் கீழே அந்தக் கறுப்பு விரல்கள் மட்டும் வேறு ஆளுடையவை மாதிரி இருக்கும். அந்தப் புகை வாசனை அவள் தலைமுடியில் எப்போதும் இருந்தது. சனி, ஞாயிறுகளில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துப் பழகினேன்.

எனக்கு உண்மை தெரிந்தது எட்டு வயதில். சின்னம்மாவே சொன்னாள், ஒளிக்காமல். “நான் மலையாளம் இல்ல புள்ள. உங்கப்பா சொல்லிச்சி, நான் சும்மா இருந்தேன்.” வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். இங்கே வந்த மறுவருடம் பிறந்த சித்தப்பா மகள், என் தங்கச்சி, அப்போது மூன்று வயதுக் குழந்தை.

நம் சரித்திர வாத்தியாரையும் நினைவிருக்கும். நல்ல மனிதர். ஏழாவதில் நம்மைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனாரே, கோயில் புல்தரையில் உட்காரவைத்து, “இங்கேருந்துதான்டா படை போய்க் கப்பல் ஏறுச்சு, ஈழத்தையே பிடிச்சோம்” என்று குரல் தழுதழுக்கச் சொன்னாரே. நான் அன்று கொட்டகையில் போய்ச் சின்னம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கட்டையைக் கீழே வைக்கவில்லை.

“போன ஆளுங்க எல்லாம் திரும்பி வந்துச்சா?”

“தெரியல சின்னம்மா. சார் சொல்லல.”

“வரல்ல. அங்கேயே கலியாணம் கட்டிக்கிட்டு இருந்துடுச்சி. எங்க பெரியண்ணன் மூக்கு அப்படியே உங்கப்பா மூக்குதான்.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாம்பல் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஆடி வந்தது. ரேடியோவில் கொழும்புச் செய்தி வந்தது. தமிழர்களை உயிரோடு எரித்தார்கள் என்றும் கடைகளைக் கொளுத்தினார்கள் என்றும் கேட்டு எங்கள் தெருவே அழுதது. அந்தத் துக்கம் பொய்யில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாதி வீட்டுக்கு அங்கே ஆள் இருந்தார்களே. இருக்கிறார்களா இல்லையா என்று கேட்க ஒரு போன்கூட இல்லாத காலம். சித்தப்பா அவரை வளர்த்த அத்தையை நினைத்து நாலு நாள் சாப்பிடவில்லை. சின்னம்மா அவருக்குக் கஞ்சி வைத்துக் காத்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அதை நான் பார்த்தேன்.

அதுவரை எங்கள் தெருவில் இனம் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொல்வது. இல்லையென்றால் இனசனம் என்று உறவுக்காரர்களைச் சொல்வார்கள். அந்த மாதம்தான் அந்தச் சொல் சுவரில் ஏறியது. எங்கள் தெரு இளைஞர் மன்றத்து அண்ணன்கள் கரிக்கட்டையால் எழுதினார்கள். வாத்தியார் கரும்பலகையில் பெரிதாக எழுதி, நாம் எல்லாரும் ஒரே இனம் என்றார். ஊர்த் தெருப் பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மத்தியானம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. சத்துணவு வந்ததும் வழக்கம்போலத் தனித்தனி வரிசையில் உட்கார்ந்தோம்.

நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். “ரெண்டு இனத்துக்கும் பொறந்த புள்ள எந்த இனம் சார்?”

வாத்தியார் யோசித்தார். “விதை எதுவோ அதுதானம்மா பயிரு. நெல்லை எந்த நிலத்துல போட்டாலும் நெல்லுதானே முளைக்கும்?”

தங்கச்சி தப்பித்தாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் சின்னம்மாவிடம் அதையும் ஒப்பித்தேன். நெல் விளைவித்த குடும்பத்துப் பெண் இல்லையா, முகம் சிவந்துவிட்டது. “உங்க சார் வயல்ல எறங்குனதில்லையா? வெறும் வெதைய கல்லு மேல போட்டுப் பாக்கச் சொல்லு” என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு ஊர்வலம் போனோமே, நீங்களும் வந்தீர்களே. கறுப்புத் துணி குத்தியிருந்தோம். எனக்கு ஒரே உற்சாகம், ஊர்த் தெரு வழியாக எங்கள் தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போன முதல் தடவை அது. ஏழு வயதுத் தங்கச்சி நானும் வருவேன் என்று அழுததால் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். முந்திரிக் கொட்டகையைத் தாண்டும்போது பெண்கள் எல்லாம் எழுந்து வந்து ஓரத்தில் நின்றார்கள். என் தலைக்கு மேலே தங்கச்சி கீச்சுக்குரலில் “சிங்களவன் ஒழிக” என்று கத்தினாள். என்ன கத்துகிறோம் என்றே தெரியாமல், அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் இன்னும் பலமாகக் கத்திக் கையை ஆட்டினாள். சின்னம்மாவும் கறுத்த கையைத் தூக்கி மெதுவாக ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

அடுத்த வாரம் ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு அத்தையின் நாத்தனார், புருஷன், இரண்டு பிள்ளைகள். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தை, அந்தக் கூலிக் குடியிருப்பு வரிசையை, எரித்துவிட்டார்கள். கட்டிய துணியோடு வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணைத் தெருவே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சின்னம்மா கொட்டகையிலிருந்து வந்ததும் காப்பி போட்டு, கூட்டத்தை விலக்கி, டம்ளரை அவள் முன்னால் நீட்டினாள். அந்தப் பெண்ணின் முழங்கையில் தீக்காயம் இருந்தது. அதைப் பார்த்ததும் சின்னம்மா தன்னை மறந்து, “அனே!” என்றாள்.

ஐயோ பாவம் என்று அதற்கு அர்த்தம். அவர்கள் பாஷையில் மட்டும் உள்ள சொல்.

அந்தப் பெண் நிமிர்ந்து சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்தாள், சுவர் முதுகில் இடிக்கிற வரைக்கும். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டாள். அவள் கை பட்டுக் காப்பி தரையில் கொட்டியது. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எட்டு வருடத்துப் பொய் ஒரு நொடியில் போனது.

மறுநாள் காலையில் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனேன். வீட்டுக்கு வீடு வாசலில் அம்மாக்கள் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, பிளேடால் மணிக்கட்டு நூலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளை நூல் கிடந்தது. எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பிள்ளைக்குச் சின்னம்மா ஒன்பது தடவை நூல் கட்டியிருக்கிறாள்.

மன்றத்து அண்ணன்களில் இரண்டு பேர் சின்னம்மாவை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். புருஷனும் பிள்ளையும் இருக்கட்டும், அவர்கள் நம் இனம், அவள் மட்டும் போகட்டும் என்று பேச்சு ஓடியது. எங்கே போவது? அங்கே கத்தியோடு அண்ணன்மார். இங்கே இவர்கள். சின்னம்மா வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. சித்தப்பா வீட்டிலும் திண்டாடி, வெளியிலும் திண்டாடி, ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாட்டாமை நல்லவர். எங்கள் தெருவில் யாருமே கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் சலிப்பான விஷயம். அவர் அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

“இதப் பாருப்பா, நமக்கு அவ வேணும். பசங்க வாயையும் மூடணும். வெள்ளிக்கெழம அம்மனுக்குக் கூழ் ஊத்துறோம். அவ வந்து, நான் மலையாளத்திதான்னு சூடம் அணைச்சு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். அம்மன் முன்னாடி சொன்னதுக்கு மேல எவன் பேசுவான்?”

“அது பொய்யிங்களே மாமா.”

“எனக்குத் தெரியாதா? எல்லாருக்குந்தான் தெரியும். சொல்லிட்டான்னா தெரியாதுன்னு ஆயிடும்.”

அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நன்றியில். இதைவிடப் பெரிய கருணையை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாகூடக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூழ் ஊற்றி முடிந்து, கோயில் வாசல் பூராவும் கேழ்வரகு வாசனை. தட்டில் சூடம் எரிந்தது. சின்னம்மா வெள்ளைப் புடவையில் வந்தாள், பௌர்ணமிகூட இல்லை. சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையை நீட்டவில்லை.

“சொல்லும்மா” என்றார் நாட்டாமை.

“எட்டு வருஷமா நீங்கதான் சொன்னீங்க. நான் ஒரு நாளும் சொல்லல்ல. பொய் சொல்லக் கூடாதின்னு எங்க சாமிகிட்ட தெனம் சொல்றது நான். உங்க சாமிகிட்ட வந்து எப்படிச் சொல்ல?”

“ஒரு வார்த்ததானம்மா.”

“நான் சிங்களம்தான். எனக்கி வேற ஆளா மாறத் தெரியாது.”

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. பின்னாலிருந்து ஒருவன், “பாத்தீங்களா திமிர?” என்றான். எதிர்வீட்டு அத்தை, “சொல்லிட்டுப் போயேண்டி, உன் கால்ல உழுறேன்” என்று அழுதாள். சூடம் பாதி கரைந்துவிட்டது. அணைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். என் மேல் கண் விழுந்தது.

“சின்னதக் கூட்டியா.”

தங்கச்சி என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்கு என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்கு நான் கெட்டிக்காரி. குனிந்து அவள் காதில் சொன்னேன்: “எங்கம்மா மலையாளத்தின்னு சொல்லிட்டுச் சூடத்த அமுக்கு. எப்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லணும். மாத்திச் சொன்னா அம்மாவ கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயிருவாங்க.”

கப்பல் என்னுடைய சொந்தச் சரக்கு. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அவள் ஓடிப்போய்த் தட்டின் முன் நின்று, ஊர்வலத்தில் கத்திய அதே குரலில், “எங்கம்மா மலையாளத்தி!” என்று கத்தி, பிஞ்சுக் கையால் சுடரை அடித்து அணைத்தாள். உள்ளங்கை சிவந்துவிட்டது, அழவில்லை. நாட்டாமை, “ஆத்தாளே சாட்சி, முடிஞ்சுது” என்றார். ஜனம் குலவை போட்டது. அப்பா என் தலையைத் தடவினார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்தது அந்தச் சாயங்காலம்தான். சின்னம்மாவை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அவள் மகளின் உள்ளங்கையை விரித்து ஊதிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வந்தவள்போல இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஊர் முன்னால் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்க மனம் வராமல் மூடிக்கொண்டாள்.

அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் நம் ஊர். இரத்தினபுரிக் குடும்பம் நீலகிரிக்குத் தேயிலை வேலை தேடிப் போனது. மன்றத்து அண்ணன்கள் சாராயக் கடை மறியலுக்குப் போனார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் எதிர்வீட்டு அத்தை காய்ச்சல் பிள்ளையோடு வாசலில் நின்றாள். சின்னம்மா ஒன்றும் கேட்காமல் நூலை எடுத்துக் கட்டினாள். ஆனால் முணுமுணுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல் வந்து நான் கேட்டதில்லை, மகளிடமும்தான். தன்னை மறந்து தன் பாஷையில் தொடங்கப் போனாலும், சொல் வெளியே வருவதற்குள் தங்கச்சி ஓடி வந்து வாயைப் பொத்திவிடுவாள்.

அப்பா சாவதற்கு முன் ஒருமுறை என்னிடம் சொன்னார். “அன்னைக்கு பஸ்ஸுலயே சிங்களத்தின்னு சொல்லியிருக்கலாம் பாப்பா. நாலு நாளு வேடிக்க பாத்துட்டு வுட்டுருப்பானுங்க. அப்ப எவனுக்கும் சிங்களம் மேல ஒண்ணும் இல்ல. சாதி ஒண்ணுதான் இருந்துச்சு. இது இப்புடி மாறும்னு நான் கண்டேனா?” கண்டவர் யார்? இன்றைக்கு எச்சிலைப் பார்த்து இதயம் போடுகிறவர்கள் நாளைக்கு அதே காகிதத்தை வைத்துக்கொண்டு யாரை எங்கே அனுப்பச் சொல்வார்கள் என்று எனக்கும்தான் தெரியவில்லை.

சித்தப்பா முதலில் போனார். ஏழெட்டு வருடம் முன்பு சின்னம்மாவுக்கும் முடியாமல் போய் அரியலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி மூன்று நாளும் அவளுக்குத் தமிழ் போய்விட்டது. முப்பத்தைந்து வருடம் அடக்கி வைத்திருந்த பாஷை திரும்ப வந்துவிட்டது. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னா பாஷைங்க பேசுறாங்க?” என்றாள் பக்கத்துக் கட்டில் பெண்.

“மலையாளம்” என்றாள் தங்கச்சி. “எங்கம்மாவுக்கு ஊரு அங்கதான்.”

உதவி செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அந்தப் பெண் ஓடிப்போய்க் கேரளத்து நர்ஸ் ஒருத்தியைக் கூட்டிவந்தாள். நர்ஸ் குனிந்து காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். சின்னம்மா ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “துவே... துவே...” நர்ஸ் குழம்பிப்போய் நிமிர்ந்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ.

“மலையாளந்தானே சிஸ்டர்?” என்றாள் கூட்டிவந்த பெண்.

“ஆமா. எங்க ஊர்ல வேற பக்கத்துல இப்படிப் பேசுவாங்க.”

“என்ன கேக்குறாங்க?”

நர்ஸ் கொஞ்சம் யோசித்து, “தண்ணி” என்றாள்.

தங்கச்சி ஸ்பூனால் தண்ணீர் ஊற்றினாள். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி “துவே” என்றாள். மறுபடி தண்ணீர். சாயங்காலம் வரை இப்படியே நடந்தது. விடியும்போது சின்னம்மா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் நான் தங்கச்சியிடம் கேட்டேன், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாதா என்று.

“தெரியும்க்கா. மகளேன்னு அர்த்தம். சின்னப் புள்ளையில அப்புடித்தான் கூப்புடும். என்னத்தான் கூப்புட்டுச்சு.”

“அப்புறம் ஏன்டி தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்த? ‘என்னம்மா’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“அத்தன பேரு நின்னாங்களே, எப்புடிச் சொல்றது? மாத்திச் சொன்னா அம்மாவ கப்பல்ல ஏத்திருவாங்கன்னு நீதானக்கா சொன்ன.”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.